துடைத்தால் போகாத வெள்ளை

8 ஜூலை 2025, செவ்வாய்

இன்று ஒன்பதாம் வகுப்பு முழுவதையும் வாய் வழியாகப் பார்த்தேன். இனி அவர்களில் யாரையும் முன்போல் பார்க்க முடியும் என்று தோன்றவில்லை.

பள்ளியில் பல் பரிசோதனை. தலைமையாசிரியர் சுந்தரராஜன் சார் என்னைப் பதினொன்றாம் வகுப்பிலிருந்து கூப்பிட்டனுப்பினார். "உன் கையெழுத்துதான் படிக்கிற மாதிரி இருக்கு. மேடம் சொல்லச் சொல்ல எழுது." பெருமையாகத்தான் போனேன். வராண்டாவில் நாற்காலி, தண்ணீர் வாளி, துப்புவதற்கு இன்னொரு வாளி. அந்த இரண்டாவது வாளியைப் பற்றி எழுத மாட்டேன்.

மேடம் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிப் பக்கம். செம்மேட்டு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறதாம். சார் அவரை "பல் டாக்டர்" என்று எல்லோருக்கும் சொன்னார். மேடம் உடனே, தான் டாக்டர் இல்லை, டென்டல் ஹைஜீனிஸ்ட், டாக்டர் மோகன்ராஜ் வாரத்தில் ஒரு நாள் மலைக்குக் கீழேயிருந்து வருவார் என்றார். சார் தலையாட்டிவிட்டு மறுபடியும் டாக்டர் என்றே சொன்னார்.

முதல் பையன் வாயைத் திறந்தான். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் மஞ்சளாகக் கூழ். மேடம் கொக்கி போன்ற கருவியால் அதை வழித்துப் பஞ்சில் தடவி என்னிடம் காட்டினார். "சோறுன்னு நெனச்சியா? இல்ல. அம்புட்டும் கிருமி. குடித்தனம் நடத்துதுங்க." எழுதுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்தவனுக்குப் பொட்டலப் பாக்கின் செங்கல் நிறம். அதற்கடுத்தவளுக்குக் கடைவாய்ப்பல் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு குழி. உள்ளே ஏதோ கம்பங்கதிர்த் தோல் மாதிரி.

நாற்றத்துக்குத் தமிழில் இத்தனை சொற்கள் இருக்கின்றன - ஊசல், வீச்சம், முடை, புளிப்பு. எல்லாம் இன்று தேவைப்பட்டன. போதவும் இல்லை.

9 ஜூலை, புதன்

மதியம் தயிர்ச்சோறு. திறந்தேன். மூடினேன்.

11 ஜூலை, வெள்ளி

பரிசோதனை முடிந்தது. கடைசியாக எல்லோருக்கும் டூத் பிரஷ் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்றால், போட்டோ எடுக்கும்வரை கொடுத்தார்கள். பிறகு சார் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து, அடுத்த வாரம் பெரிய அதிகாரி வரும்போது மறுபடி தருவதாகச் சொல்லி வாங்கிப் போட்டுக்கொண்டார். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அதற்குள் வாயில் வைத்துக் கடித்துப் பார்த்துவிட்டான். அவனுடையதும் பெட்டிக்குள் போனது. யாருக்கு வரப்போகிறதோ! இது ஊசலைவிட மோசமான நாற்றம்.

ஜெசிந்தா மேடம் சாரிடம் போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. திரும்பும்போது பெட்டி அவர் கையில் இருந்தது. கடித்த பிரஷைத் தேடி எடுத்து அந்தப் பையனிடமே கொடுத்தார்.

நான் கேட்டேவிட்டேன்: "உங்களுக்கு அருவருப்பா இல்லையா மேடம்?"

கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "மாஸ்க்குக்குள்ள தைலம் தடவியிருக்கேன், மோந்து பாரு. காலையில வெறும் காபிதான், இட்லி தின்னா வெளிய வந்திரும்." சிரிக்கவில்லை. அதை ஒரு வேலைக்குறிப்பு மாதிரித்தான் சொன்னார்.

நான் வேறு ஏதோ எதிர்பார்த்தேன். சேவை, அன்பு, அப்படி.

சனிக்கிழமைகளில் ஊர் ஊராகப் போகிறாராம். இங்குள்ள பேச்சு அவருக்குப் பிடிபடவில்லை, கூட வருகிறாயா என்றார். தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

19 ஜூலை, சனி

முகாம் எங்கள் ஊரிலேயே. எங்கள் ஊரும் சுற்றுவட்டமும் சேர்ந்த திருப்புலி நாட்டில் இவ்வளவு பேருக்குப் பல்வலி இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. மாரியம்மன் கோயில் முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. ஆனால் எல்லோரும் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தவர்கள்.

"இவுங்க புடுங்க மாட்டாங்க. சுத்தம் பண்ணுவாங்க, பாத்துச் சொல்லுவாங்க. புடுங்கறதுக்கு டாக்டர்தான்" என்று நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன். பூபதி மாமா, "புடுங்கத் தெரியாதவிய எதுக்குக் கண்ணு கொறடு கொண்டாந்திருக்காங்க?" என்றார். அது குறடு இல்லை, கண்ணாடி என்றேன். "அப்ப மொகம் பாக்கவா?" என்றார். ஒரே சிரிப்பு. பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

டீக்கடை ராசப்பன் மட்டும் துணிந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கீழ்வரிசைப் பற்களுக்குப் பின்னால் காரை. காரை என்றால் சுவரில் பூசுவதுபோலவே. பல் எது காரை எது என்று தெரியாமல் ஒரே கட்டியாக. மேடம் மெஷினை வைத்ததும் கீச்சென்ற சத்தத்தோடு தண்ணீரும் ரத்தமும் பழுப்புத் தூளும் என் மூக்குக்கண்ணாடிமேல் தெறித்தன. ஒரு சில்லு என் உதட்டில். என் உதட்டில்! கோயில் குழாய்க்கு ஓடிப்போய்ச் சோப்பு போட்டுக் கழுவினேன், எரியும்வரை.

திரும்பி வந்தபோது மேடம் ராசப்பனிடம் விளக்கிக்கொண்டிருந்தார். காரை போன இடம் வெறுமையாக இருக்கும், சில நாளைக்குப் பல் ஆடுகிற மாதிரி தோன்றும், உப்புத் தண்ணீர் கொப்பளிக்க வேண்டும், டாக்டரை வந்து பார்க்க வேண்டும். நான் அதை எங்கள் பேச்சில் மறுபடி சொன்னேன். ராசப்பன் கண்ணாடியில் பல்லைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

ஒரு தாத்தாவின் கன்னத்துக்குள் மேடம் வெகுநேரம் பார்த்தார். பஞ்சால் துடைத்தார். மறுபடி துடைத்தார். "வாணி, இங்க பாரு. பால் குடிச்ச வெள்ளையா இருந்தா துடைச்சா போயிரும். இது போகாது. புகையிலை ஒதுக்கிற இடம். இதைக் கண்டுபிடிக்கத்தான் நான் ஊர் ஊரா அலையுதேன். காரை எடுக்கிறதெல்லாம் சாக்கு." அவரை நாமக்கல் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அந்த வெள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டுமாம்.

அம்மா வரவில்லை. தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்று, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். குச்சிக்கிழங்குக் காட்டில் களை எடுக்க வேண்டும் என்று போய்விட்டாள்.

20 ஜூலை, ஞாயிறு

அம்மா இடது பக்கத்தில் மெல்லுவதில்லை.

இன்று சாமைச்சோற்றுக்கு மிளகாய்த் துவையல். அம்மா ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள், தண்ணீர் குடித்தாள், துவையலை அப்பா தட்டுக்குத் தள்ளிவிட்டாள். எத்தனை நாளாக இப்படி? நான் எதிரில்தான் உட்கார்ந்து தின்கிறேன் - புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு.

சாப்பிட்டதும் மடியிலிருந்து புகையிலையை எடுத்துக் கிள்ளி இடது கன்னத்தில் ஒதுக்கினாள். அந்த இடத்தில்தான்.

காட்டு என்றேன். மாட்டேன் என்றாள். தாடையைப் பிடித்தேன். தட்டிவிட்டாள். முகத்துக்கு நேராக அந்த வீச்சம் வந்தது, புகையிலையும் அழுகலும் சேர்ந்தது, கோழிக்கூட்டு ஈரம்போல. சொல்லிவிட்டேன். "உன் வாய் நாறுது, தெரியுமா? பக்கத்துல உக்கார முடியல. எல்லார் வாயும் பாத்துட்டேன், உன்னுதுதான் மோசம்."

அப்பா தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அம்மா வெளியே போய்த் துப்பிவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வந்து, பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள்.

பொய் ஒன்றும் சொல்லவில்லையே நான்.

25 ஜூலை, வெள்ளி

ராசப்பனுக்குக் கீழ்ப்பல் ஒன்று விழுந்துவிட்டது. வடை கடிக்கும்போது. பக்கத்தில் இரண்டு ஆடுகின்றனவாம். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கீழுதட்டை இழுத்துக் காட்டுகிறார். "இத்தன வருசம் கல்லாட்டம் நின்ன பல்லு. அந்தப் பொம்பள மெசின வெச்சுச் சொரண்டி வேரையே அறுத்துப்போட்டா."

நான் பஸ்ஸுக்கு நின்றால் கடையிலிருந்து குரல் வருகிறது: "பல்லுக்காரி வந்துட்டாடா, வாய மூடுங்க." எல்லோரும் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். துப்பிய வெற்றிலை எச்சில் என் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. தவறி விழுந்தது இல்லை.

இனி முகாமுக்குப் போகக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். "நாளைக்கு அந்தாளு மொகத்துல முழிக்கோணுமில்ல சாமி. கடன் ஒடன் கேக்கற எடம்."

இந்த ஊர் முழுக்க ஒரு பெரிய வாய். அதற்குள் நான் நிற்கிறேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஓரி விழா. இந்த மலையை ஆண்ட ராஜாவுக்கு அரசாங்கம் எடுப்பது. செம்மேட்டில் நடக்க இடமில்லை. கீழேயிருந்து வந்தவர்கள் பலாச்சுளை தின்று கொட்டையை ரோட்டிலேயே துப்பிக்கொண்டு போகிறார்கள். அரசாங்கக் கடைகளின் வரிசையில் ஜெசிந்தா மேடமும் பெரிய பிளாஸ்டிக் பல்லொன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் குழந்தைகள். எங்கள் ஊர்க்காரர்கள் அந்தப் பக்கத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ராசப்பன் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"அந்தக் காரைதாம்மா பல்லைப் பிடிச்சுக்கிட்டு நின்னுது, அது உண்மை. அடியில எலும்பு கரைஞ்சு எப்பவோ போயிட்டு. நான் எடுக்கலைன்னா இன்னும் கொஞ்ச நாள் நின்னிருக்கும், பக்கத்துல இருக்கதையும் சேத்துக் கெடுத்துக்கிட்டு." பிறகு, "முதல் நாள் அவ்வளவும் எடுத்திருக்கக் கூடாது. ஊரே பாக்குதுன்னு எனக்கும் கொஞ்சம் வேகம்" என்றார்.

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். கன்னத்துக்குள் வெள்ளை, கொட்டாவி விட்டபோது ஒரு நொடி பார்த்தேன் என்று.

"வெறும் வெள்ளையா? நடுவுல சிவப்பு இருக்கா?"

இருக்கிற மாதிரித்தான் இருந்தது என்றேன்.

பிளாஸ்டிக் பல்லைக் கீழே வைத்தார். "வெள்ளைன்னா பொறுக்கலாம். சிவப்பும் கலந்திருந்தா பொறுக்கக் கூடாது. கூட்டிட்டு வா." வர மாட்டாள் என்றேன். "அப்போ அது புத்துநோயா?" என்று கேட்டேன். "அதைச் சொல்ல எனக்கு உரிமையும் இல்ல, கண்ணும் இல்ல. பாத்துட்டு, போங்கன்னு சொல்லுறதுதான் என் வேலை. ஆனா பாக்கணும்லா?"

6 ஆகஸ்ட், புதன்

கெஞ்சினேன். உயிரியல் புத்தகத்தைக் காட்டினேன். அழுதேன். அம்மா ராகி புடைத்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் சொன்னாள்: "பெத்த புள்ளைக்கே கொமட்டற வாயி. அதுக்குள்ள ஊருக்குப் புதுசா வந்த பொம்பள கையி விடோணுமா? நீ படி கண்ணு."

பிறகுதான் கவனித்தேன் - ஏன் முன்பே கவனிக்கவில்லை? வாய் நாறுது என்று நான் சொன்ன அன்றிலிருந்து அம்மா எங்களோடு சாப்பிடுவதில்லை. நான் பஸ் ஏறிய பிறகு சாப்பிடுகிறாள். தனக்கு ஒரு டம்ளரைத் தனியாக அடுப்புக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். என்னோடு பேசும்போது முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்கிறாள். நான் அதைக் கோபம் என்று நினைத்திருந்தேன். என் மூக்குக்காக அல்லவா!

அடுப்புக்குப் பின்னாலிருந்து அந்த டம்ளரை எடுத்து அதில் தண்ணீர் குடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. விளிம்பில் பழுப்பாக ஒரு கறை. கழுவி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

என்னைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது.

9 ஆகஸ்ட், சனி

மேடம் வந்தார். நான் கூப்பிடவில்லை. காலை பஸ்ஸில், பையோடு, தனியாக.

இறங்கியது ராசப்பன் கடை முன்னால். நான் தண்ணீர்க் குடத்தோடு குழாயடியில் நின்றேன். குடத்தை வைத்துவிட்டு ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது. மேடம் நேராகக் கடைக்குள் போய், "அண்ணாச்சி, வாயைத் திறங்க" என்றார்.

"எதுக்குங்க? மிச்சம் இருக்கறதையும் எடுத்துட்டுப் போகவா?" பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மேடம் காத்துக்கொண்டிருந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது. ராசப்பன் முனகிக்கொண்டே உதட்டை இழுத்தார். மேடம் ஆடுகிற பற்களை விரலால் தொட்டுப் பார்த்து, இவற்றைக் கம்பி கட்டி நிறுத்த முடியும், செவ்வாய்க்கிழமை டாக்டர் வரும்போது வாருங்கள், முகாமில் காரையைக் கொஞ்சங்கொஞ்சமாக எடுக்காதது தன் தவறு என்று எல்லோர் எதிரிலும் சொன்னார். ராசப்பன் பதிலுக்குத் திட்டத் தயாராக இருந்தார். திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. "டீ குடிக்கறீங்களா?" என்றார், வேண்டாவெறுப்பாக.

பிறகு எங்கள் வீடு.

அப்பா காட்டில். அம்மா வாசலில் நின்று உட்காரச் சொன்னாள், முந்தானையால் வாயை மூடியபடி. உள்ளே போய் வெற்றிலைத் தட்டை எடுத்து வந்து நீட்டினாள். வந்தவர் தட்டிலிருந்து எடுக்காமல் பேச்சை ஆரம்பித்தால் எங்களூரில் அது சண்டைக்கு வந்ததாக அர்த்தம். தட்டில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, நன்றாகத் தெரியும்படி ஒரு துண்டுப் புகையிலை. அம்மா வேண்டுமென்றேதான் செய்தாள். எடுக்காவிட்டால் அனுப்பிவிடலாம். எடுத்துவிட்டால் அப்புறம் புகையிலையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

மேடம் தட்டைப் பார்த்தார். கொழுந்தாக ஒரு வெற்றிலையை எடுத்துத் துடைத்து, காம்பைக் கிள்ளிப் போட்டு, வெறும் இலையை மடித்து வாயில் வைத்து மென்றார். காரம் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விடாமல் மென்று விழுங்கினார்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங்க, ஆட்டுக்குட்டியாட்டம் வெறும் எலையத் திங்கறீங்க."

"பாக்கும் புகையிலையும் எனக்கு ஆகாதுக்கா. இலைக்கு என்ன, அது பாட்டுக்கு இருக்கு."

வெகுநேரம் வேறெதையோ பேசினார்கள். பலா இந்த வருடம் எப்படி, கடற்கரை ஊரில் குளிர் உண்டா என்று. பிறகு மேடம் கையுறையை மாட்டினார். சும்மா, கம்பளி மாட்டுகிற மாதிரி. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவள வெளிய போகச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"போ கண்ணு. நீ இன்னும் சோறு திங்கல."

கோபமே இல்லை அதில். அதுதான் தாங்க முடியவில்லை. கதவுவரை போய்விட்டேன். மேடம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "செல்லுல லைட்டைப் போட்டுப் பிடிக்க ஒரு ஆள் வேணும்க்கா. எனக்கு ரெண்டு கைதான்" என்றார். நான் வந்து வெளிச்சத்தைப் பிடித்தேன்.

அம்மா வாயைத் திறந்தாள்.

எழுத வேண்டும். எழுதுகிறேன். பற்கள் கரும்பழுப்பு, உள்பக்கம் காரை. ஈறு வீங்கி, தொட்டால் ரத்தம். மேடம் இடது கன்னத்தைக் கண்ணாடியால் ஒதுக்கினார். அங்கே நிலம் வெடித்த மாதிரி தடித்த வெள்ளை, நடுவே சிவப்புத் தீவுகள். பஞ்சால் துடைத்தார். போகவில்லை. அந்த வீச்சம் என் முகம் முழுக்க இருந்தது. அம்மாவின் கண் என் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, நான் சுளிக்கிறேனா என்று. சுளித்தேன், தெரியும். ஆனால் வெளிச்சத்தை நகர்த்தவில்லை.

மேடம் முடித்துக் கையுறையைக் கழற்றினார். "நாமக்கல் போகணும்க்கா. செவ்வாய் வேண்டாம், திங்கக்கிழமையே."

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து, கொல்லையில் வாந்தி எடுத்தேன். பிறகு சோறு தின்றேன். அம்மா எதிரில் உட்கார்ந்து, முந்தானை இல்லாமல், பார்த்துக்கொண்டிருந்தாள்.

11 ஆகஸ்ட், திங்கள்

நாமக்கல். அப்பாவும் வந்தார். இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் யாராவது ஜன்னலுக்கு வெளியே வாந்தி. சேந்தமங்கலம் வந்த பிறகுதான் எல்லோரும் முகத்தை உள்ளே எடுத்தார்கள்.

டாக்டர் மோகன்ராஜ் அம்மாவின் கன்னத்திலிருந்து அரிசி அளவு சதை வெட்டி, சோதனைக்கு அனுப்ப ஒரு புட்டியில் போட்டார். அம்மாவுக்குத் தையல் போட்டு, துணியைக் கடிக்கச் சொன்னார்கள். பஸ்ஸில் அம்மா ரத்தத்தைத் துப்ப இடமில்லாமல் விழுங்கிக்கொண்டே வந்தாள். என் டிபன் பெட்டியின் மூடியைக் கொடுத்தேன். அதில் துப்பினாள். மடியில் வைத்துக்கொண்டு, ஆடித் தளும்பாமல் மேலே வரைக்கும் கொண்டுவந்தேன்.

15 ஆகஸ்ட், வெள்ளி

கொடியேற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். புட்டியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

சோதனை முடிவு இன்னும் வரவில்லை.

ராசப்பன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கம்பி கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இப்போது உதட்டை இழுத்துக் கம்பியைக் காட்டுகிறார்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

வந்துவிட்டது. புற்றுநோய் இல்லை.

இல்லை என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். முழுதும் எழுத வேண்டும்: இன்னும் இல்லை. செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன. அந்த இடத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். புகையிலையைத் தொடவே கூடாது. தொட்டால் மறுபடி வரும், அப்போது வேறு பெயரோடு வரும். டாக்டர் இதை அப்பாவிடம் சொன்னார். அப்பா தன் சட்டைப்பையில் இருந்த புகையிலைப் பொட்டலத்தை மேலிருந்தே கையால் மூடிக்கொண்டார்.

ஜெசிந்தா மேடம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார். அம்மா, "நான் எங்கீங்க வந்தேன், நீங்கதான வந்தீங்க" என்றாள்.

4 செப்டம்பர், வியாழன்

வெட்டி எடுத்தாயிற்று. கஞ்சிதான். முகம் ஒரு பக்கம் பலாப்பழம்.

21 செப்டம்பர், ஞாயிறு

புகையிலையை விட்டதிலிருந்து அம்மா அம்மாவாக இல்லை. காலையில் பால் பொங்கியதற்குச் சட்டியை எறிந்தாள். அப்பா வீட்டுக்குள் மெல்லுவதை விட்டுவிட்டார். வெளியே போய் மென்றுவிட்டு, மிளகைக் கடித்துக்கொண்டு வருகிறார், யாருக்கும் தெரியாது என்று.

இன்று சில்வர் ஓக் மரத்தடியில், மிளகுக் கொடிக்குப் பின்னால், புதிதாகத் துப்பிய புகையிலைச் சாறு. ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அம்மாவின் அரிவாள்.

கத்தினேன். அவ்வளவு தூரம் போய், சதையை வெட்டி, அந்த மூடியை நான் மடியில் வைத்துக்கொண்டு... "எச்சிக்கலை" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அம்மாவும் கத்தினாள். "காட்டுல நாள் முச்சூடும் குனிஞ்சு பாரு, அப்பத் தெரியும். பசியத் திங்கறது அதுதான்டி. நீ புஸ்தகத்தைத் தின்னு."

அவள் சொல்வதிலும் இருக்கிறது. அது எனக்கு இன்னும் எரிச்சல்.

22 செப்டம்பர், திங்கள்

ஜெசிந்தா மேடத்திடம் சொன்னேன். ஆச்சரியப்படவே இல்லை. "விடுவாங்க, பிடிப்பாங்க, விடுவாங்க. நீ திட்டினா ஒளிச்சுப் பிடிப்பாங்க. ஒளிச்சுட்டா நமக்கு வாயைத் திறக்க மாட்டாங்க. அப்புறம் பாக்க முடியாது." புகையிலைக்குப் பதிலாக மெல்லப் பொட்டுக்கடலையையும் ஏலக்காயையும் மடியில் கட்டிக்கொண்டு போகச் சொல்லு என்றார்.

திட்டாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இவருக்குத் தெரியுமா? தெரியும்போல. மாஸ்க்குக்குள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

16 நவம்பர், ஞாயிறு

மழை நின்று வெயில் வந்தது. வாசலில் உட்கார்ந்து வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா காட்டுக்குக் கிளம்பியவள் திரும்பி வந்து, என் முன்னால் வெயில் பக்கமாகக் குந்தி உட்கார்ந்தாள்.

"பாரு" என்றாள். வாயைத் திறந்தாள்.

அவளாகத் திறந்தது இதுதான் முதல் தடவை. விரலைக் கழுவிக்கொண்டு வந்து கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தேன். வெட்டிய இடத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் மூடியிருக்கிறது, தையல் தழும்பு மட்டும் கோடாக. வெள்ளை இல்லை. பற்களை மேடம் இரண்டு தடவையாகச் சுத்தம் செய்து முடித்திருக்கிறார். அம்மாவின் பல் இவ்வளவு சின்னதா என்றிருந்தது.

அப்புறம் பார்த்தேன். கடைவாய்ப்பல்லின் ஓரத்தில், புதிதாக, ஈரமாக, ஒரு பழுப்பு இழை. அந்த வாசனையும்.

நான் பார்த்துவிட்டேன் என்று அம்மாவுக்குத் தெரிந்தது. வாயை மூடவில்லை. என் விரல் உள்ளே இருக்க, குழறிக்கொண்டு, "நேத்துச் சாயங்காலம். ஒரே ஒரு வாட்டி" என்றாள்.

நாக்கின் நுனிவரை வந்த சொல்லை விழுங்கினேன். உள்ளே போய் உப்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். கொப்பளித்து வேலிப் பக்கம் துப்பினாள். கொஞ்சம் என் காலில் தெறித்தது.

"இன்னொரு வாட்டி திற" என்றேன். "வலது பக்கம் பாக்கல."

திறந்தாள்.